முதலாளிக்குப் பசியில்லை

அன்று பட்டறைக்கு இரண்டு நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். ஒன்று, முன்பக்கம் நசுங்கிய கார். இன்னொன்று, அந்தக் காரை நசுக்கிய ஆமை. ஆமைக்கு ஓட்டில் கையகல உடைப்பு. பின்கால்கள் இரண்டும் செத்துவிட்டன. கார் மூன்று நாளில் கிளம்பிப் போய்விட்டது. ஆமை பதினேழு வருஷமாகக் கிளம்பவில்லை.

பட்டறையில் கார் ஒடுக்கெடுக்கும் டிங்கருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கார் கதவுக்குச் செய்வதுபோலவே ஓட்டுக்கும் நார்த்துணி ஒட்டிப் பட்டி பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், மிச்சமிருந்த நீலப் பெயிண்டை அடித்தார். பின்னால் இரண்டு குட்டிச் சக்கரமும் மாட்டினார். நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்ததால் அதற்கு முதலாளி என்று பெயர் வந்தது. பட்டறைச் சரிவில் ஒருமுறை அது தபால்காரரின் சைக்கிளையே முந்தியது என்பார் டிங்கர். தபால்காரர் அதை மறுத்ததில்லை. கதை கிளம்புவதற்குள் அவர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போயிருந்தார்.

ஒரே ஒரு சங்கடம். ஓடு வளரும், பட்டி வளராது. வருஷத்துக்கு ஒருமுறை பட்டியின் ஓரத்தை மயிரிழை அளவுக்குச் சுரண்டிவிட வேண்டும். அந்த வேலைக்கு டிங்கர் வேறு யாரையும் கிட்டே விட்டதில்லை. போன வருஷம் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. இந்த வருஷம் சுரண்டும் உளி வழுக்கி ரத்தம் வந்துவிட்டது. போதாததற்கு முதலாளி சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டே வந்தது. எப்போதும் அவர் கையிலிருந்துதான் கீரை தின்னும். இப்போது ஒரு கடி, இரண்டு கடி, அதோடு சரி.

"என் கையப் பாத்து அதுக்கு மனசு கேக்கல," என்றார்.

"நான் மூணு வேளையும் நல்லாத்தானே திங்கிறேன்," என்றாள் மனைவி. "நான்தான் கல்நெஞ்சுக்காரி போல."

ஆனால் ரத்தத்தைப் பார்த்த பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. இருவருமாக முதலாளியைக் கூடையில் வைத்து, அடிபட்ட பிராணிகளைப் பராமரிக்கும் விடுதிக்குக் கொண்டுபோனார்கள்.

"இது இனி வெளியில தனியாப் பொழைக்காது," என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. "இங்கயே இருக்கட்டும் ஐயா, ஓட்ட நாங்க பாத்துக்கறோம். பத்து நாள் பாப்போம். சாப்பிடலைன்னா நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க."

டிங்கர் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. தன் கையை விட்டால் அது தின்னாது என்பது அவருக்குத் தெரியாதா? பத்து நாளும் வாய் கொள்ளாத சிரிப்போடு திரிந்தார். கூடையைக் கழுவிக் காயவைத்தார், அடியில் புதுச் சாக்கு விரித்தார்.

பத்தாம் நாள் மனைவியை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, கூடையோடு உள்ளே போனார்.

"முந்நூறு கிராம் ஏறியிருக்கு ஐயா!" என்றார் டாக்டரம்மா.

"எடை மெஷின் சரியா இருக்கா?"

"நீங்களே குடுத்துப் பாருங்களேன்."

டிங்கர் தரையில் உட்கார்ந்து ஒரு கீரையை நீட்டினார். சக்கரம் கிறீச்சிட முதலாளி வந்தது. கழுத்தை நீட்டியது. கீரை இடப்பக்கம் போனது, கழுத்தும் போனது. கீரை வலப்பக்கம் வந்தது. கடித்தது, வாயில் காற்றுதான் அகப்பட்டது. மறுபடி கடித்தது. மறுபடியும் காற்று. பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தார். கீரை அசையாமல் நின்றது. முதலாளி தலையை நீட்டி, காம்பு வரைக்கும் தின்று தீர்த்தது.

டிங்கர் தன் விரல்களைப் பார்த்தார்.

"அப்போ வீட்டுல…"

"கீழ ஒரு தட்டுல வச்சிருந்தா…" என்று ஆரம்பித்த டாக்டரம்மா மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"இன்னொரு கீரை குடுங்கம்மா," என்றார் அவர். "கைய விட்டுறாதீங்க."

கீரைக்கட்டு முழுவதும் தீர்ந்த பிறகுதான் வெறும் கூடையோடு எழுந்தார்.

"எங்க நம்ம முதலாளி?" ஆட்டோவிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இங்கயும் பட்டினி கிடந்துச்சா?"

"அதுக்குப் பசிச்சிருக்குடி," என்றார். "ஒரு வருஷமாப் பசிச்சிருக்கு."

அவள் கூடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவர் உட்கார இடம் விட்டு நகர்ந்தாள்.