இன்னும் எவ்வளவு நேரம்?

முக்கீபிக்கு அன்று குவாஞ்சுலா. பெண் வீட்டார் முன்னால் மாப்பிள்ளையாய்ப் போய் உட்காருகிற நாள். நடுவில் எழுந்தால் சம்பந்தமே முறிந்துவிடும். அதனால்தான் அவன் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். மின்சார மீட்டர் வைத்திருக்கும் எல்லோருடைய கணக்கையும் சர்வரில் புது அட்டவணைக்கு ஏற்றும் ஒரே ஒரு கட்டளை. காலையில் அவனே ஓட விட்டுவிட்டு, வெள்ளை கான்சு அங்கியை மாட்டிக்கொண்டு மசாக்காவுக்குக் கிளம்பினான். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று சத்தியம் வேறு.

முடியவில்லை. ஏறியதையும் பாக்கியையும் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரம் என்று வந்தது. கொஞ்சம் பொறுத்துப் போட்டால் இரண்டு. அப்புறம் மூன்று! அது முடியும்வரை கம்பாலாவில் ஒருவரும் மீட்டருக்குப் பணம் கட்ட முடியாது.

மேலாளர் ப்யாருஹாங்கா என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"நகிட்டெண்டே, நிறுத்திட்டு முக்கீபிய வரச் சொல்லவா?"

"நிறுத்தினா ஏறினதெல்லாம் திரும்ப இறங்கணும் சார். அதுக்கு இன்னும் நேரமாகும். அவன் கல்யாணமும் போயிடும்."

"அப்ப எவ்வளவு நேரம்னு சொல்லு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்தால் சொல்ல மாட்டேனா? சர்வரில் வேறு என்னதான் ஓடுகிறது என்று பார்த்தேன். 'இதுவரை எத்தனை ஏறியிருக்கிறது' என்று முதலிலிருந்து எண்ணச் சொல்லும் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. ஏற்ற வேண்டிய சர்வர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தது. கேட்டவன் பெயர் எல்லாவற்றிலும் முக்கீபி.

போன் போட்டேன். கிசுகிசுத்தான்.

"பெரியவங்க பேசிட்டிருக்காங்க..."

"நீ என்னடா பண்ற?"

"போனக் கான்சுக்குள்ள மறைச்சு வெச்சு, எவ்வளவு ஏறிச்சுன்னு பாக்கறேன். பயமா இருக்குல்ல?"

"அடப்பாவி, நீ பாக்கறதாலதான் அது ஏறவே மாட்டேங்குது! பொண்ணோட அத்தைகிட்ட போனக் குடு."

கொடுத்தான்.

"அம்மா, அவன் அழுதாலும் போனத் தராதீங்க."

"நீ கவலப்படாதடி. எங்கிட்ட வந்தது திரும்பிப் போகாது."

அவன் கேள்விகளையெல்லாம் வெட்டிவிட்டேன். திரும்பக் கணக்குப் போட்டேன்.

"இருபது நிமிஷம் சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அதற்குள்ளாகவே முடிந்தது. மேஜையில் தலையைச் சாய்த்து, வெட்கமில்லாமல் அழுதேன். அவ்வளவு நிம்மதி. மேலாளரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முக்கீபியிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். அத்தைதான் எடுத்தார்.

"முடிஞ்சுதா? சந்தோஷம். ஆனா போனத் தர மாட்டேன். இப்பதான் மாப்பிள்ள நிமிந்து பொண்ணு முகத்தப் பாக்கறான்."