உள்ளே ஊற்றிய தண்ணீர்

ரட்சனீ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்சிலேட்டர் பெடலை மெல்ல மிதித்தாள். அவள் காலடியில் தலையை நுழைத்துக் கிடந்தான் மெக்கானிக் தாவீ. அவன் கையிலிருந்த சோதனைக் கருவியில் இரண்டு எண்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

"இன்னொரு தரம் மிதி அக்கா. மெதுவா. என் மூஞ்சிய மிதிச்சிடாத."

"உன் மூஞ்சிய மிதிச்சாலாவது இது நகருதான்னு பாக்கறேன்."

பட்டறை வாசலில் முதலாளியம்மா சுவிமோன் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். ரனோங் மீன்பிடித் துறையில் மீன் கம்பெனி அவளுடையது. இந்த பிக்கப் வண்டி அவளுடையது. ரட்சனீயும் மகளும் படுத்துக்கொள்ளும் ஐஸ் கிடங்குப் பின்னறையும் அவளுடையதுதான்.

"வண்டி நல்லாத்தானே இருக்கு? இவ மலைப்பாதையில ஓரங்கட்டித் தூங்கிட்டு வந்து கதை விடுறா. இன்னிக்கு ஒரு முடிவு தெரியணும். ஒண்ணு வண்டியில கோளாறு, இல்ல இவகிட்ட கோளாறு."

தாவீ கருவியைப் பார்த்தான். அது எந்தக் கோளாறையும் காட்டவில்லை.

மலையேற்றத்தில், பின்னால் கானாங்கெளுத்தி நிறைந்த பெட்டிகளோடு போகும்போதுதான் அந்தக் கோளாறு வரும். பெடலைத் தரையோடு மிதித்தாலும் எஞ்சின் எழும்பாது. எச்சரிக்கை விளக்கு எரியும். வண்டி எறும்பாய் ஊரும். அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அதற்குள் ஐஸ் உருகி ரோட்டில் வழிந்திருக்கும்.

முதல் தடவை நின்றபோது சுவிமோன் பூமாலை வாங்கிவந்து கண்ணாடியில் தொங்கவிட்டாள். "வண்டித் தேவதை கோவிச்சுக்கிட்டா. இந்த மீன் நாத்தத்துல அவ எப்படிடி குடியிருப்பா? தினமும் உள்ள கழுவு." அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ரட்சனீ கழுவினாள். காலையில் ஸ்டியரிங்கைக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகினாள். வண்டி முன்னைவிட அடிக்கடி நின்றது.

"தாவீ, இங்க கொண்டுவந்து விட்டதுலேர்ந்து கழுவல," என்றாள் ரட்சனீ திடீரென்று. "கழுவ ஆரம்பிச்சதுலேர்ந்துதான் ரொம்ப மக்கர் பண்ணுது."

"எங்க கழுவுவ?"

"உள்ளதான். ஓஸ் பைப்பு வெச்சு."

"உள்ளயா?" தாவீ எழுந்து உட்கார்ந்தான்.

ரப்பர் விரிப்பை உரித்தான். பெடலின் தலையில் செருகியிருந்த வயர் ப்ளக்கைப் பிடுங்கினான். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது; ஒரு மீன் செதிலும் ஒட்டியிருந்தது. திரும்பச் செருகி, எஞ்சினை ஓடவிட்டு, வயரை இரண்டு விரலால் ஆட்டினான். ஓர் எண் பூஜ்யத்துக்கு விழுந்தது. விளக்கு எரிந்தது. ரட்சனீ தரையோடு மிதித்தாள். எஞ்சின் முனகிக்கொண்டே கிடந்தது.

"இதேதான்! இதேதான்!" அவள் ஸ்டியரிங்கைத் தட்டினாள். "பாத்தீங்களா முதலாளியம்மா? நான் தூங்கல!"

"பெடல மிதிச்சத எஞ்சினுக்குச் சொல்றது இந்த வயருதான்மா," என்றான் தாவீ. "தண்ணி போயி அரிச்சிருக்கு. பெடலோட மாத்தணும். இனிமே உள்ள ஊத்தக்கூடாது."

விசிறி நின்றது.

"யாரு ஊத்துனது?"

"நீங்கதானே கழுவச் சொன்னீங்க..."

"கழுவுன்னேன். வயர்ல ஊத்துன்னேனா? என் வண்டியக் கெடுத்தது நீதான்னு உன் வாயாலயே சொல்லிட்ட. தாவீ, நீயும் கேட்டேல்ல?"

கம்பெனி வண்டிகள் அத்தனையும் தாவீயின் பட்டறைக்குத்தான் வரும். அவன் கருவியின் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"கேட்டேன்மா."

"சாயங்காலத்துக்குள்ள ரூமக் காலி பண்ணிடு," என்று சுவிமோன் எழுந்தாள்.

சாயங்காலம் ரட்சனீ துணிமூட்டையோடும், மகள் சோற்றுக் குக்கரோடும் துறையைக் கடந்தார்கள். புதுப் பெடல் போட்ட வண்டி அங்கே நின்றது. கண்ணாடியில் புது மாலை. கன்னத்தில் சந்தனம்போல மரப்பட்டைக் குழம்பு பூசிய பர்மாக்காரன் ஒருவன் கதவைத் திறந்துவைத்து ஓஸ் பைப்பைப் பிடித்திருந்தான்.

"உள்ள ஊத்தாத தம்பி. பெடல் கிட்ட ஊத்தவே ஊத்தாத," என்றாள் ரட்சனீ.

அவன் சுவிமோன் உட்கார்ந்திருந்த நாற்காலிப் பக்கம் பார்த்தான். "அம்மாதான்க்கா ஊத்தச் சொன்னாங்க."

"அங்க என்ன பேச்சு?" சுவிமோனின் குரல் வந்தது. "நல்லா ஊத்துடா. அவ நாத்தம் இன்னும் போகல."

அவன் குழாயைப் பெடல் பக்கம் திருப்பினான். கதவுப் படியிலிருந்து செதில்களோடு வழிந்த தண்ணீர் மண்ணில் ஓடிவந்து மகளின் செருப்பைத் தொட்டது. அவள் குக்கரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காலை நகர்த்தினாள்.