நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில்

14 மே 2010, வெள்ளி. சிதம்பரம்.

இன்று மாலை டிப்ளமோ வகுப்பில் ஒரு சின்னத் தவறு தெரியவந்தது. என்னுடையதுதான். போன டிசம்பரில் அளவு நோட்டில், வெப்பம் இருபது டிகிரிக்கு மேல் இருந்திருக்கவே முடியாத ஒரு கட்டத்தில் 32 என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. ‘நான்’ என்று தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். அதனால் ‘அவன்’. பெயர் சிவசங்கர்.

1

பனி மூடிய கரும்புக் கொல்லைகளின் நடுவே இரும்புக் கோபுரங்கள் பூதங்களைப் போல

(வேண்டாம். கோபுரம் கோபுரமாகத்தான் நின்றது.)

தெற்கே காற்றாலைகள் பெருகிவிட்டன. காற்றுக் காலத்தில் அங்கே கிடைக்கிற மின்சாரத்தை வடக்கே கொண்டுவரப் பழைய கம்பிகள் போதவில்லை. புதிய கோபுரங்கள் எழும்ப வருஷங்கள் ஆகும். அதுவரை பழைய கம்பியிலேயே கூடுதலாக அனுப்பலாம் என்று முடிவாயிற்று. கூடுதலாக அனுப்பினால் கம்பி சூடாகும். சூடானால் நீண்டு தாழும். எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட, அடுத்தடுத்த கோபுரங்களின் நடுவே கம்பி என்ன உயரத்தில் இருக்கிறது, அந்த நேரத்தில் வெப்பம் என்ன என்று குறித்து வர வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் அந்த வேலைக்குச் சேர்ந்தவன் சிவசங்கர்.

2

பெண்ணாடம் பக்கம். மார்கழி, காலை ஆறே முக்கால். 41ஆம் கோபுரத்துக்கும் 42க்கும் நடுவில் ஆலைக்குக் கரும்பு போகிற பாதை. சிவசங்கர் உயரம் அளக்கிற கருவியை நிறுத்திக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கரும்பு டிராக்டர் வந்து நின்றது. பாரத்தின் உச்சியில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். பழனிவேல், கரும்பு ஏற்றுகிறவர்.

“இன்னா மச்சான், காலங்காத்தால ஆகாசத்த அளக்குற? மேல வூடு கட்டப் போறியா?”

“கம்பி எவ்ளோ ஒசரத்துல இருக்குன்னு பாக்குறேன். நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க? எறங்குங்க.”

“எறங்கிட்டா கட்டு நழுவுறத யாரு பாக்குறது, நீயா? பத்து வருசமா இப்படித்தான் போறேன். கம்பி அது பாட்டுக்கு மேல கெடக்கு.”

“இனிமே கொஞ்சம் கீழ வரும். கரண்ட் ஜாஸ்தி போவப் போவுது.”

“எங்க வூட்டுல பாதி நாளு கரண்டே இல்ல. தல மேல ஜாஸ்தியா போவுதா? நல்லா இருக்கு.” சிரித்தார். “இடிக்கிற மாதிரி இருந்தா சொல்லிடு மச்சான். குனிஞ்சுக்கிறேன்.”*

“சொல்றேன்” என்றான் சிவசங்கர்.

* இந்தக் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. நெருங்கினாலே போதும், மின்சாரம் தாவிவிடும்.

3

வெப்பமானி மேற்பார்வையாளர் தில்லைநாதனின் ஜீப்பில் இருந்தது. ஜீப் பதினொரு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் ஆறு இடங்களை அளந்து, வெப்பத்துக்கான ஆறு கட்டங்களைக் காலியாக விட்டிருந்தான். சாயங்காலம் தில்லைநாதன் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“என்னடா இது ஓட்ட ஓட்டையா? ரொப்புடா. ஊருக்கு ஒரு வெய்யிலா அடிக்குது?”

(இதை அடிக்க வேண்டும். அவர் அதட்டவில்லை. “காலியா விடாதப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலை மறுபடி போய் அளந்து வரச் சொன்னதாகக்கூடப் பொருள் கொள்ளலாம். அவரைக் கெட்டவராக்கினால் கதை சுலபமாக நகர்கிறது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.)

மத்தியானம் வெப்பமானி 32 காட்டியிருந்தது. ஆறு கட்டங்களிலும் அதையே எழுதினான், மேலிருந்து கீழ்வரை, ஒரே அளவு எழுத்தில். பக்கம் பார்க்க நன்றாக இருந்தது.

4

இன்றைய வகுப்பில் கம்பி தாழ்வுக் கணக்கு. எந்த வெப்பத்தில் அளந்தோம் என்பதை மாற்றினால் விடை அப்படியே மாறுகிறது: குளிரில் அளந்த கம்பி, சூடாகும்போது இன்னும் அதிகம் தாழும். சிவசங்கர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 41–42ஐப் போட்டுப் பார்த்தான். 32 என்றால் முழுச் சூட்டிலும், தரையிலிருந்து கம்பிக்கு வகுத்த பாதுகாப்பு எல்லைக்கு மேலே ஒரு சாண் மிச்சம். 20 என்றால் எல்லைக்குக் கீழே நான்கு விரல். மூன்று முறை போட்டான். இருபது என்பதும் ஊகம்தான்; பனி இன்னும் குளிராக இருந்திருக்கலாம்.

எல்லையை வகுத்தவர்கள், கரும்புப் பாரத்தின் மேல் ஒருவர் நின்றுகொண்டு போவார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து கம்பியில் முழு மின்சாரம். ஆலை ஜூன் கடைசிவரை ஓடும்.

5

முடிவு அ: பழனிவேல் சாகிறார். இதை எழுதிவிட்டேன். நீங்கள் அழ வேண்டுமென்று அவருக்கு பூஜா என்று ஒரு மகளையும் கொடுத்தேன். பிறகு கிழித்துவிட்டேன். அவருக்குக் குழந்தை உண்டா என்று நான் கேட்கவே இல்லை.

முடிவு ஆ: அலுவலகத்தில் யாரோ அந்த ஆறு 32களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மறுபடி அளக்கச் சொல்கிறார்கள். எழுதியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

முடிவு இ: ஒன்றுமே நடப்பதில்லை. காற்று ஓய்கிறது, ஆலை நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் காற்று வரும்போது சிவசங்கர் மட்டும்

மூன்றிலும் சிவசங்கர் வாயைத் திறப்பதில்லை. வேலை போகாது, மாலை வகுப்பும் நிற்காது. அதற்காகவே இந்தக் கதையை எழுதத் தொடங்கினேனோ என்னவோ. மூன்றில் எதை வேண்டுமானாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். நாளைக் காலையும் பழனிவேல் அந்தப் பாரத்தின் மேல் நின்றுதான் போவார்.

நாளை, சனி: 41–42ஐ மறுபடி அளக்க வேண்டும். வகுப்பில் இரவல் வாங்கிய வெப்பமானியை இப்போதே பையில் வைத்துவிட்டேன். பழனிவேலைப் பார்த்து, குனிந்தால் போதாது என்று சொல்ல வேண்டும். மாலைக்குள் கடலூர் போய்ப் பொறியாளரிடம் ஆறு கட்டங்களையும் காட்டி, எழுதியது நான் என்று சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், காலை ஐந்தரைக்குத் தில்லைநாதன் வீட்டுக்குப் போய், அவரிடம் இருக்கிற உயரக் கருவியைக் கேட்க வேண்டும். எதற்கு என்று கேட்பார்.