முழுச் சுமை

லில்லியின் கிரைண்டர் பதினேழு கிலோ எண்ணூறு கிராம் இருந்தது. அருள்மொழி அதைத் தராசிலிருந்து இறக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த மூட்டையை ஏற்றினாள். இட்லிக் குண்டான், இரண்டு மூட்டை அரிசி, தையல் மெஷின், மாதாவின் சிறு மரச்சிலை, மருந்துப் பெட்டி, பதினோரு தலையணை. பிரான்சிலிருந்து வந்த பெட்டிகளும், வில்லியனூரில் தங்கை வீட்டில் கிடந்த சாமான்களுமாக இரண்டு டெம்போவில் வந்து இறங்கியிருந்தன. லில்லி நாற்காலியில் உட்கார்ந்து, தன் குடும்பத்தை யாரோ எடை போடுவதைப் போலச் சற்றுச் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த எல்லாம் எதுக்கு எடை போடற? நான் இன்னா பிளேன்லயா போறேன்?"

"கிட்டத்தட்ட அப்டித்தான் மேடம். பறக்கணும்னா எடை தெரியணும்."

"வூட்ட வித்துட்டு வர்றோம் அருளு. இனிமே படகுதான் எங்க வூடு. கிரைண்டர் இல்லாம இன்னா வூடு அது?"

அருள்மொழி சிரித்தாள். ஆனால் கையிலிருந்த டேப்லெட்டில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. சாமான்கள் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. அதனுடன் முந்நூறு லிட்டர் தண்ணீர், டீசல், நங்கூரம், சங்கிலி, பேட்டரிகள், சின்ன ரப்பர் படகு. எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்து முந்நூறைத் தாண்டும். வெறும் படகின் எடையே இரண்டாயிரத்து அறுநூறுதான்.

பாகூர் பக்கம் வயல்களுக்கு நடுவே, மூடிப்போன ஓர் அரிசி ஆலையின் கொட்டகையில்தான் இந்தப் பாய்மரப் படகுகள் தயாராயின. அங்கிருந்து கடல் ஏழெட்டு கிலோமீட்டர். முப்பத்தாறு அடி நீளம், இரட்டை உடல், நடுவில் சமையலறையும் படுக்கையும் உள்ள படகுகள். வெளிநாட்டில் ஓய்வு பெற்றவர்கள் வாங்கி, மாதக்கணக்கில் அதிலேயே வாழ்ந்து ஊர் ஊராகப் போவார்கள். முதலாளி எழிலரசன் கப்பலில் எஞ்சினியராக இருந்து திரும்பியவர். மற்ற பட்டறைகள் கட்டாத ஒன்றைக் கட்ட வேண்டும் என்று அவர் நினைத்தபோதுதான் அருள்மொழி வேலைக்குச் சேர்ந்தாள். மடுகரையில் கரும்பு போடும் குடும்பத்துப் பெண். கப்பல் வடிவமைப்பு படித்தவள். இரண்டு வருடமாக அவள் செய்தது ஒரே வேலைதான். படகின் இருபுறமும் தண்ணீருக்குள் இறங்கும் கார்பன் சிறகுகள். படகு வேகமெடுத்தால், விமானத்தின் இறக்கை காற்றில் செய்வதை அவை தண்ணீரில் செய்யும். படகையே நீருக்கு மேலே தூக்கிவிடும். அவள் ஹைட்ரோஃபாயில் என்பாள். பட்டறையில் எல்லோரும் றெக்கை என்றார்கள்.

பந்தயப் படகுகளில் அது புதிதல்ல. சமையலறையும் படுக்கையும் உள்ள குடும்பப் படகில், அதுவும் வரிசையாகச் செய்து விற்கும் படகில் அது நிலைக்குமா என்பதுதான் கேள்வி. ஜனவரியில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். வடகிழக்குக் காற்று பதினெட்டு நாட், அதாவது மணிக்கு முப்பத்துமூன்று கிலோமீட்டர் வேகத்தில் அடித்த ஒரு காலையில், தொட்டிகள் காலியாக இருந்த படகு வேகமெடுத்து, ஒருமுறை சிலிர்த்து, எழுந்தது. அதுவரை உடலில் மோதிக்கொண்டிருந்த அலைகளின் சத்தம் சட்டென்று நின்றுபோனது. சுக்கானைப் பிடித்திருந்த பட்டறைப் படகோட்டி சேவியர் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தார். நாற்பத்தெட்டு விநாடி படகு பறந்தது. அந்த வீடியோவை மடுகரையில் தெருவே பார்த்தது. ஐரோப்பாவில் ஒரு விற்பனையாளர் பார்த்து ஆறு படகுகள் கேட்டார். பிரான்சின் மார்சேயில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற லில்லியும் பார்த்தாள். முதல் படகு அவளுக்கு என்று முடிவானது.

முழுச் சுமையோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அருள்மொழி சொன்னபோது எழிலரசன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"அதான் பறந்திச்சே. திரும்ப எதுக்கு?"

"காலிப் படகு பறந்திச்சி சார். காலிப் படகுல யாரும் வாழ மாட்டாங்களே."

அவர் பேனாவை மூடி வைத்தார். "சரி, செய். ஆனா அந்தம்மாவ ஏத்திக்கினு போவாத."

ஆனால் பிப்ரவரியில் அந்த நாள் வந்தபோது, தன் வீட்டில் தான் ஏறாமல் வேறு யார் ஏறுவது என்று கேட்டு லில்லி முதலில் ஏறிக்கொண்டாள்.

தண்ணீர் நிரப்பினார்கள். அரிசி மூட்டைகளை அடித்தட்டில் அடுக்கினார்கள். கிரைண்டரைப் பட்டை போட்டுக் கட்டினார்கள். துறைமுகத்திலிருந்து வெளியே வந்து பாய் விரித்தபோது காற்று ஜனவரியைப் போலவே இருந்தது. படகுதான் வேறாக இருந்தது. பத்து நாட். பதினொன்று. அதற்கு மேல் ஏறவில்லை. அருள்மொழி சிறகின் கோணத்தை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். சேவியர் காற்றுக்குத் தோதாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. லில்லி உள்ளே மேசையருகில் உட்கார்ந்திருந்தாள். பிறகு காற்று ஒருமுறை பலமாக வீச, வேகம் பதின்மூன்றைத் தொட்டது. வலப்பக்க உடல் ஒரு சாண் எழுந்ததை அருள்மொழி பார்த்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான் என்று நினைத்தாள். "விடாதீங்க சேவியர்ண்ணா, இழுத்துப் புடிங்க!" என்று கத்தினாள்.

அடுத்த நொடி படகு யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோல நின்று திரும்பியது. சேவியர் சுக்கானை விட்டுப் பறந்து, கயிறு சுற்றும் இரும்பு உருளையில் தோள்பட்டை மோத விழுந்தார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. அருள்மொழி எட்டிப் பார்த்தாள். இடப்பக்கச் சிறகில் ஒரு வலைக்கயிறு சுற்றியிருந்தது. வெள்ளை மிதவை ஒன்று பக்கத்தில் முங்கி முங்கி எழுந்தது.

லில்லிதான் முதலில் சேவியரிடம் போனாள். விரல்களால் தடவிப் பார்த்து, "காறை எலும்பு ஒடஞ்சிருக்கு. கைய அசைக்காத" என்றாள். துப்பட்டாவை மடித்து அவர் கையை மார்போடு சேர்த்துக் கட்டினாள். நாற்பது வருடம் செய்த வேலை. அருள்மொழிக்கு, இழுத்துப் பிடிக்கச் சொன்ன தன் குரல் காதிலேயே நின்றது.

வலைக்காரர் மாரிமுத்து தன் ஃபைபர் படகில் வந்து சேர்ந்தார். கோபத்தோடுதான் வந்தார். அடிபட்ட ஆளைப் பார்த்ததும் பேசாமல் தண்ணீரில் குதித்துக் கயிற்றை அறுத்துவிட்டார். ஏறி வந்து மூச்சு வாங்கியபடி, "அடியில இன்னாம்மா அது, கத்தி மாரி?" என்று கேட்டார்.

"படக மேல தூக்கறதுக்கு அண்ணா."

"படகு தண்ணியில இருந்தா இன்னா கெட்டுப்போச்சி?" கேலியாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு அறுந்த வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இங்க மாட்டுச்சி, நான் வந்தேன். நடுக்கடல்ல மாட்டுனா யாரு வருவா?"

வலையைச் சரி செய்து தருவதாக அருள்மொழி சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, அவர்களைத் துறைமுகம் வரை இழுத்துவந்து விட்டுப் போனார்.

அரியூர் ஆஸ்பத்திரியில் சேவியருக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். அவர் மனைவி வரும்வரை அருள்மொழியும் லில்லியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அருள்மொழி மன்னிப்புக் கேட்கப் போனபோது சேவியர், "நானும்தான் ஆசப்பட்டேன் மேடம், ஒரு சாண் எழுந்திச்சே" என்று மட்டும் சொல்லியிருந்தார். அது அவளை இன்னும் வருத்தியது.

"அருளு, ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லு" என்றாள் லில்லி. "அந்த வலை இல்லன்னா பறந்திருக்குமா?"

அவளுடைய இரண்டு வருட உழைப்பு அந்தக் கேள்விக்குள் இருந்தது. கொஞ்சம் அவகாசம் கேட்கலாம். கணக்குப் போட்டுச் சொல்கிறேன் எனலாம். ஆனால் கணக்கு ஏற்கெனவே தெரியும்.

"எழுந்திருக்கும். நிக்காது மேடம். அந்தக் காத்துல பத்து செகண்டு. உங்க சாமான்ல பாதிய எறக்குனா நிக்கும். அப்பவும் வலை, மரக்கட்டை, எது வேணா மாட்டும். உங்களுக்கு இது வேணாம்."

லில்லி செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"பறக்கறது எனக்கு ஒண்ணும் இல்ல. வீடியோ நல்லா இருந்திச்சி, அவ்ளோதான். எங்க வூட்டுக்காரருக்கு இடுப்புல ஆபரேஷன். ஆட்டந்தான் அவருக்கு ஆவாது. நான் போன எல்லாப் படகுலயும் வாந்தி எடுத்தவ. இன்னைக்கு ஒன்றரை மணி நேரம் உள்ள உக்காந்திருந்தேன், ஒண்ணும் ஆவல. மேல நீங்க எழும்பல எழும்பலன்னு கத்திக்கினு இருந்தீங்க. உள்ள அலையே தெரியல. அத்த யாருமே கவனிக்கலியா?"

யாரும் கவனிக்கவில்லை. அன்று மாலையே அருள்மொழி பட்டறைக்குத் திரும்பி, படகிலிருந்த கருவியின் பதிவுகளைத் திறந்தாள். இதுவரை அவள் பார்த்ததெல்லாம் உயரமும் வேகமும்தான். படகு முன்னும் பின்னும் ஆடும் அளவையும் கருவி பதிந்துகொண்டுதான் இருந்தது. சிறகை இறக்கியபோது அந்த ஆட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. படகு எழாத அந்த ஒன்றரை மணி நேரம் முழுக்க. அவள் மூன்று முறை சரிபார்த்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் முதலில் வந்தது ஒரு வெட்கம்தான்.

எழிலரசனிடம் மறுநாள் சொன்னாள். லில்லியிடம் சொல்லிவிட்டதையும் சேர்த்தே சொன்னாள்.

"என்னைக் கேக்காம எப்டி சொன்ன?" குரல் உயரவில்லை. "ஆறு படகு அருள். இருபத்தெட்டு பேரு இங்க வேலை செய்றாங்க. ஐரோப்பாவுக்கு அனுப்பற ரிப்போர்ட்ல குறைஞ்ச சுமைன்னு போட்டு ஜனவரி நம்பர குடு. பொய் இல்லியே அது."

"பொய் இல்ல சார். வாங்குனவங்க அரிசி ஏத்துனதும் தெரிஞ்சிடும்."

"நாம விக்கறது பறக்கற படகு."

"ஆடாத படக விக்கலாம் சார். றெக்கைய குட்டையாக்கி, பின்பக்கமா சாய்ச்சி வெச்சா கயிறு வழுக்கிப் போயிடும். எடையில கால்வாசிய அது தாங்கும். மேல வராது. ஆனா உள்ள இருக்கறவங்க படுத்துத் தூங்கலாம்."

"அத வீடியோ எடுத்துக் காட்ட முடியுமா?" என்று கேட்டார் எழிலரசன்.

படகு நீரிலேயே ஓடும் ஒரு வீடியோவை யார் பார்ப்பார்கள்? அவள் இரண்டு அறிக்கைகளையும் அச்சிட்டு அவர் மேசையில் வைத்தாள். காலிச் சுமை ஒன்று. முழுச் சுமை ஒன்று. இரண்டிலும் தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். ஒன்றை மட்டும் அனுப்புவதானால் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். வேலை போகலாம் என்று தெரிந்துதான் சொன்னாள். அவர் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. நான்கு நாட்கள் அந்தக் காகிதங்கள் மேசையில் அப்படியே கிடந்தன.

ஐந்தாம் நாள் காலை லில்லி போன் செய்து, தன் படகுக்குக் குட்டைச் சிறகே போதும், வேலையைத் தொடங்குங்கள் என்று எழிலரசனிடம் சொன்னாள். அவர் கொட்டகைக்குள் வந்து, "அந்தம்மாவுது மட்டும் வெட்டு" என்றார். சிறகை மேடையில் ஏற்றிக் கட்டினார்கள். அடிபட்ட கையைக் கழுத்துக்கட்டில் தொங்கவிட்டபடி சேவியர் வந்து நின்று, எங்கே கோடு போட வேண்டும் என்று மற்ற கையால் காட்டினார். அருள்மொழி முகமூடி போட்டுக்கொண்டு வெட்டும் மெஷினைத் தானே கையில் வாங்கினாள். கரும்புகைபோலத் தூள் எழுந்து அவள் முன்கைகளில் படிந்தது. பாதி வெட்டியிருந்தபோது எழிலரசனின் போன் அடித்தது. ஐரோப்பிய எண்ணைப் பார்த்தவர், சத்தத்தில் கேட்காது என்று வெளியே போனார்.

அவள் மெஷினை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. நவரைப் பருவ நடவு பச்சை பிடித்திருந்த வயலின் வரப்பில் எழிலரசன் போனைக் காதில் வைத்தபடி நடந்துகொண்டிருந்தார். அந்தத் தூரத்துக்கு எதுவும் கேட்கவில்லை. நடந்தவர் நின்றார். பேசப்பேச இடது கையை முன்னால் நீட்டினார். அவரைப் பார்க்க முடியாத யாருக்கோ காட்டுவதுபோல, உள்ளங்கை தரையைப் பார்த்திருக்க, அந்தக் கையை மேலே தூக்காமல், நெற்பயிரின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலாக, மெதுவாக, ஒரே சீராக நகர்த்திக்கொண்டே போனார்.