ஆறு பாய், ஆறு வீடு

என் முட்டாள்தனத்தில் இருந்தே தொடங்குகிறேன். கணவர் யசுஜிக்கு டோக்கியோவிலிருந்து ஒசாகா நூல் ஆலைக்கு மாற்றல் வந்தது. ஒசாகாவில் வாடகை வீட்டை மொட்டையாகத்தான் கொடுப்பார்கள். தரையில் சுவருக்குச் சுவர் பதிக்கும், மேலே கோரை விரிப்பு தைத்த கனத்த வைக்கோல் பாயும் தள்ளுகதவும் குடிவருகிறவர் பாடு என்றார்கள். அதற்கென்ன என்று டோக்கியோவில் எங்கள் பாய்க்காரரிடமே ஆறு பாய் செய்து வாங்கிக் கப்பலேற்றினேன். கிமோனோத் துணி எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே அகலம்தானே, பாய் மட்டும் மாறிவிடுமா என்ற நினைப்பு.

மாறியிருந்தது. ஆறையும் விரித்தபின் இரண்டு சுவரோரமும் சாணுக்கு மேல் வெறும் பலகை தெரிந்தது. பலகை இடுக்கு வழியே மார்கழிக் காற்று ஊசியாக ஏறியது. எனக்கு அப்போது எட்டு மாதம். முதல் பிள்ளையை இப்படி ஒரு குளிரில் சளிக்காய்ச்சலுக்குக் கொடுத்தவள் நான். இதையும் கொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

ஒசாகாப் பாய்க்காரரோ கையை விரித்துவிட்டார். புத்தாண்டுக்கு ஊரே பாய் புதுப்பிக்கும் நேரம். தை பிறந்துதான் புது வேலை என்றார். பிள்ளை அதுவரை காத்திருக்குமா?

அடுத்த வீட்டு ஒசென் அக்கா, கிழங்கு சுட்டு விற்பவள், எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி டோக்கியோக்காரி, பொம்மை வீட்டுக்கா பாய் வாங்கிட்டு வந்த?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சிரிங்கக்கா, சிரிங்க. பொறக்கப்போறது இந்தக் காத்துல கெடக்கப்போவுது."

அவள் சிரிப்பு நின்றது. விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனாள். கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

சற்று நேரத்தில் கொக்கியால் கிளப்பிய தன் வீட்டுப் பாய் ஒன்றைப் புருஷனோடு தூக்கி வந்து, என் பாய் ஒன்றைக் கிளப்பிவிட்டு அந்த மூலையில் போட்டாள். பின்னாலேயே எங்கள் ஒட்டு வீட்டு வரிசையில் இருந்த மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பாயோடு வந்தார்கள். ஆறு வீட்டுப் பாய்கள், ஆறு வயது, ஆறு நிறம். ஆனால் ஒசாகாவில் பாய்க்கு ஒரே அளவுதான்; ஒரே வீட்டில் பிறந்தவைபோல் என் தரையில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தன. ஒரு விரல் நுழைய இடமில்லை.

"உங்க வீடு?" என்றேன்.

"உன் குட்டைப் பாயைக் குடு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிறோம். ஒரு வீட்டுக்கு அரைச் சாண் சந்து வரும், கந்தலைச் சொருகிட்டாப் போச்சு. நீ ஒருத்தியே எதுக்குடி அத்தனை காத்தையும் வாங்கணும்?"

அந்த வார்த்தைக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

மிட்சு அந்தப் பாய்களின் மேல்தான் பிறந்தாள். ஒரு தும்மல் இல்லை. வசந்தத்தில் புதுப் பாய் வந்ததும் அவரவர் பாயை அவரவர் வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்தினோம். ஒசென் அக்காவின் பாயில் மிட்சு நனைத்த தடம் பெரிதாக இருந்தது. தேய்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். "விடுடி, என் வீட்லயும் ஒரு பிள்ளை இருந்த மாதிரி இருக்கட்டும்." அவளுக்குப் பிள்ளை இல்லை.

திரும்பி வந்த என் குட்டைப் பாய்களைக் கட்டிப் பரணில் போட்டேன். ஏழு வருடம் கழித்து டோக்கியோவுக்கே திரும்பி, சின்னதாக வீடு கட்டினோம். அவற்றை எடுத்து விரித்தேன். அளவு கச்சிதம். ஆறு வீட்டிலும் கிடந்து வந்த தடங்களை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். ஒன்றில் சோயா சாறு சிந்திய கறை, ஒன்றில் தையல்காரர் வீட்டு இஸ்திரிச் சூடு, ஒன்றில் கிழங்கு அடுப்பின் கரி. மிட்சு ஒவ்வொன்றாகத் தொட்டு இது யார் வீடு, இது யார் வீடு என்று கேட்டுக்கொண்டே போனாள். நானும் சொல்லிக்கொண்டே போனேன்.

அந்தப் பழைய டோக்கியோ பாய்க்காரர் வந்து பார்த்தார். "மேல் விரிப்பைத் திருப்பித் தச்சிடலாம்மா. கறை ஒண்ணும் தெரியாது."

"தெரியணும்" என்றேன்.