சனிக்கிழமை வாடிக்கையாளர்

அம்மாவின் கறுப்புக் கோட்டை மாட்ட இடம் தேடிக்கொண்டிருந்த பெர்ஜ், தேவாலய ஹாலின் வாசலில் அந்தத் தம்பதியைப் பார்த்ததும், தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டான். ஐம்பதை நெருங்கும் ஆள் செய்கிற காரியமில்லை. அதுவும் அப்பாவைக் குழியில் இறக்கிவிட்டு வந்த கையோடு.

கடைக்காரனுக்கு முகம் மனதில் நிற்காது, விற்ற சரக்கு நிற்கும். சிவப்புக் கம்பளம், நடுவில் பதக்கம் என்கிற பெரிய வட்டப் பூவேலை, சாப்பாட்டு அறைக்கு. ஹேகன் தம்பதி. வாங்கியது போன சனிக்கிழமை. அப்பா செத்ததும் அதே சனிக்கிழமைதான்.

"ஏண்டா, கோட்டுக்குள்ள என்ன தேடற?" என்று ஹெர்மினே அத்தை முதுகில் தட்டினாள். அப்பாவின் தங்கை. கையில் அப்பாவின் மரணச் செய்தி வந்த செய்தித்தாள் துண்டு. "பாத்தியா இதை? ஆயுசு பூரா நடிச்சவனுக்கு ஒரு விரல் அகலம்! போட்டோ வேற ஜட்ஜ் வேஷத்துல. அவன் மூஞ்சியில ஜட்ஜ் எங்கடா இருக்கான்?"

"அதுதான் நல்ல படம்னு கொடுத்தேன், அத்தை."

"துருக்கிக்காரனா நடிச்சானே, அது நல்ல படம். நம்ம ஆர்மீனிய ஜனத்தை வெட்டினவனாச்சேன்னு எங்கம்மா ஒரு வருஷம் அவன்கிட்ட பேசல. அப்படி நடிச்சான்."

அப்பா வீட்டில் ஹைகாஸ் தாஷ்ஜியான், மேடையிலும் திரையிலும் ஹென்றி டேஷ். எந்த நாட்டுக்காரனுக்கும் பொருந்துகிற மூக்கு. கிரேக்கன், மெக்சிகோக்காரன், யூத குரு, கத்தோலிக்கப் பாதிரி எல்லாம் ஆனார். ஆர்மீனியனாக நடிக்க மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மேடையில் நகரத்துச் சின்ன அரங்குகள் எல்லாவற்றிலும் ஏறினார். தொலைக்காட்சித் தொடர்களில் பத்தாவது நிமிஷத்தில் வந்து, இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லி, சில வாரங்களில் அழகாகச் செத்தும் போவார். முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. தெருவில் நிறுத்தி, "நீங்க எங்க பல் டாக்டர்தானே?" என்பார்கள். "ஆமா, அந்தக் கடவாய்ப்பல் இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வார்.

வயதானதும் கூப்பிடுவது குறைந்தது. நார்தர்ன் சாலையில் பெர்ஜ் நடத்துகிற கம்பளக் கடைக்கு வந்து உட்கார்ந்து டீ குடிப்பார். கடை அம்மாவின் அப்பா போட்டது. நடிகனுக்குப் பெண்ணைக் கொடுத்ததைக் கடைசி மூச்சுவரை சொல்லிச் சொல்லி மாய்ந்த மனிதர்.

ஒரு மழை நாளில், வாங்கலாமா வேண்டாமா என்று மதியம் முழுக்க உயிரை எடுத்த ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பொறுக்காமல், அப்பா பின்வாசல் வழியாக வெளியே போய், முன்வாசல் வழியாக வாடிக்கையாளராக உள்ளே வந்தார். அதே கம்பளத்தின் முன்னால் நின்றார். தொட்டார். பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான், கம்பளம் போய்விட்டது.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஆட்டம். போட்டிக்கு நின்று விலையை ஏற்றிவிட்டால் போதும் என்பது பெர்ஜின் கணக்கு. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"போட்டிக்கு நிக்கறவனைப் பாத்தா ஆள் மொறைச்சுக்கிட்டு வெளிய போயிடுவான்டா. விட்டுக்கொடுக்கறவனைப் பாத்தாத்தான் வாங்குவான்."

ஒருநாள் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன். ஒருநாள் மகள் கல்யாணத்துக்குப் பரிசு தேடும் கிரேக்கர். ஒவ்வொருவருக்கும் தனிக் கோட்டு, தனி நடை, பிறந்த ஊர், மாமியார் தொல்லை. பெர்ஜுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ஆட்டம் தொடங்கிவிட்டால் நீ எனக்குக் கடைக்காரன், நான் உனக்குச் சார். அப்பா என்றோ பெர்ஜ் என்றோ வாயில் வரக்கூடாது. கடை தீப்பிடித்தாலும்.

போன இலையுதிர் காலத்தில் நியூ ஜெர்சியில் ஒரு சின்ன அரங்கிலிருந்து பெரிய வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை அவர்தான். அப்படி ஒரு வேஷம் அவருக்கு வந்ததே இல்லை. "சனிக்கிழமை பகல் காட்சி உண்டாம். நீ சமாளிச்சுப்பியா?" என்று கேட்டார். பெர்ஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. "கடையில சீசன் வருதேப்பா" என்று மட்டும்தான் சொன்னான். அப்பா அந்த வேஷத்தை விட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் கோட்டு மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

கோட்டுகளுக்கு நடுவிலிருந்து அவன் தலையை எடுத்தபோது ஹேகன் தம்பதி அம்மாவின் மேஜைக்குப் போய்விட்டிருந்தார்கள். நீள மேஜைகளில் மீனும் நெய்ச்சோறும் வைத்தாகிவிட்டது. அம்மா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அவன் சனிக்கிழமையே சொல்லியிருந்தான்: கடை வாசல்ல நின்னு டீ குடிச்சிட்டிருந்தார்மா, அப்படியே சாஞ்சிட்டார், ஒரே நொடி, பக்கத்துல நான்தான் இருந்தேன். பக்கத்துல நீ இருந்தியே, அது போதும் என்று அவள் அழுதிருந்தாள். அதற்குப் பிறகு பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெர்ஜ் கிட்டத்தட்ட ஓடினான்.

லோர்னா ஹேகன் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். "பேப்பர்ல போட்டோ பாத்தோம். பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவர் தவறின அன்னிக்குக் காலைலதான் அவரைச் சந்திச்சோம். எங்களுக்காக ஒரு கம்பளத்தை விட்டுக்கொடுத்தார். நீங்க அவருக்குத் தங்கச்சியா?"

"பொண்டாட்டி."

லோர்னா புருஷனைப் பார்த்தாள். ப்ரூஸ் ஹேகன் தன் ஷூவைப் பார்த்தார்.

"இல்ல... அவர் மனைவி ஈவ்லின் தவறிட்டதா... ஜன்னலோரம் அவங்க கட்டில் இருந்த எடத்துல விரிக்கத்தான் கம்பளம் தேடறேன்னு..." அவள் பாதியில் நிறுத்தி, ஓடி வந்தவனைப் பார்த்தாள். "அட, கடைக்காரர்! நீங்களும் வந்துட்டீங்களா? எவ்வளவு நல்ல மனசு!"

"டேய் பெர்ஜ், நின்னுட்டே இருக்கியே. இவங்களுக்கு நாற்காலி போடு," என்றாள் அம்மா.

"பெர்ஜ்?" என்றாள் லோர்னா.

வாங்கிய சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்க்கும்போது ஓட்டை தெரிந்தால் ஒரு முகம் வருமே, அந்த முகம் அவளுக்கு வந்தது. பெர்ஜ் நாற்காலி இழுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

சனிக்கிழமை அப்பா பிரமாதமாகத்தான் செய்தார். பதக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஈவ்லினுக்குச் சிவப்புப் பிடிக்கும் என்றார். பிறகு அந்தத் தம்பதியைப் பார்த்து, நீங்க எடுத்துக்குங்க, எனக்கு இனிமே யார் வரப்போறா என்று சொல்லிவிட்டு, பின்னாலிருந்த கம்பளக் குவியலில் உட்கார்ந்தார். வழக்கமாக அந்த இடத்தில் வெளியே போய்விட வேண்டும். போகவில்லை. இடது கையைப் பிடித்துக்கொண்டார். நெற்றி வேர்த்திருந்தது. பெர்ஜ் ஹேகன் தம்பதியின் கிரெடிட் அட்டையை இயந்திரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பெர்ஜ்," என்றார் அப்பா.

கேட்டது. நன்றாகவே கேட்டது. வியாபாரம் முடிகிற நேரத்தில் இவரே ஆட்டத்தைக் கலைக்கிறாரே என்று எரிச்சல்தான் முதலில் வந்தது.

"ஒரு நிமிஷம், சார்," என்றான்.

"அவர் முகம் சரியில்லையே," என்றாள் லோர்னா.

"பாவம், மனைவி ஞாபகம் வந்துடுச்சு போல. இங்க ஒரு கையெழுத்து போடுங்க, மேடம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டாள். கம்பளத்தைச் சுருட்டி, கட்டி, ப்ரூஸோடு சேர்ந்து வண்டியில் ஏற்றி, பின்னால் வருகிற வண்டிகளை நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டு, கையசைத்துவிட்டு உள்ளே வந்தான். "அப்பா, இன்னிக்குக் கொஞ்சம் ஓவர்," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"வண்டியிலதான் வச்சிருக்கோம், அந்தக் கம்பளத்தை," என்று இப்போது ஹாலில் ப்ரூஸ் சொல்லிக்கொண்டிருந்தார். "அது அவர் குடும்பத்துக்குத்தான் போகணும்னு லோர்னா ஒரே பிடிவாதம். எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம் சார்," என்றான் பெர்ஜ். "அதெல்லாம் எதுக்கு, நீங்க ஆசைப்பட்டு வாங்கினது..."

"கொண்டு வாங்க," என்றாள் அம்மா.

ப்ரூஸ் தோளில் சுமந்து வந்து மேஜையோரம் இறக்கினார். அம்மா எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, சுருளின் ஓரத்தைப் புரட்டி, குஞ்சத்தை விரலால் நீவினாள்.

"இந்த ஓரம் நான் தச்சது," என்றாள். "எங்கப்பா வாங்கிப் போட்ட சரக்கு. எப்படித் தள்ளிவிடறதுன்னு தெரியாம குடோன்ல கெடந்தது." பெர்ஜை நிமிர்ந்து பார்த்தாள். கம்பள வியாபாரியின் மகளுக்கு ஒன்றையும் கூட்டிக் கழித்துச் சொல்ல வேண்டியதில்லை. "ஓ. டீ குடிக்கவா போனார், சனிக்கிழமை சனிக்கிழமை?"

பெர்ஜ் குனிந்து குஞ்சத்தைச் சுருளுக்குள் திணித்தான்.

"நானும் நெனச்சேன். டீ குடிக்கப் போறவருக்கு எதுக்கு அத்தனை கோட்டுன்னு."

"ஒரு நிமிஷம்," என்றார் ப்ரூஸ். காது சிவந்துவிட்டது. "அப்ப அது நடிப்பா? அந்த ஈவ்லின்? கட்டில்? எல்லாமே?"

"அம்பது வருஷ நடிப்பு, மிஸ்டர்," என்றாள் ஹெர்மினே அத்தை. "டிக்கெட் இல்லாம பாத்திருக்கீங்க."

"டிக்கெட் இல்லாமயா? அப்ப அந்த விலை?"

"விலை எப்பவுமே நடிப்புதான்," என்றாள் அம்மா. அவள் சிரித்தாள். குரலே வராமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. "ஈவ்லினாம்! எங்கப்பா எனக்கு இவ்வளவு நல்ல பேர் வைக்கலியே." பிறகு கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு லோர்னாவின் பக்கம் நாற்காலியை நகர்த்தினாள். "நல்லா இருந்தாரா?"

"என்னங்க?"

"நடிப்பு. எந்த நாடகம் முடிஞ்சாலும் நான் வெளிய வரவங்க கிட்ட நின்னு கேப்பேன், நான் யாருன்னு சொல்லாம. இதைத்தான் பாக்கல. மொதல்லேர்ந்து சொல்லுங்க. எந்தக் கோட்டு?"

லோர்னா பெர்ஜைப் பார்த்தாள். அவன் அம்மாவின் தட்டை இழுத்து மீனில் முள் எடுக்கத் தொடங்கியிருந்தான்.

"சாம்பல் கலர்," என்றாள். "கழுத்துல ஒரு பழைய மப்ளர்."

"அது என் மப்ளர். அப்புறம்?"

லோர்னா சொன்னாள். அவர் கதவைத் திறந்த விதம். தொப்பியைக் கழற்ற மறந்து, பிறகு கழற்றியது. பதக்கத்தில் கை வைத்தது. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், "ஆமா, அப்படித்தான் செய்வார்" என்று இடையிடையே சொல்லிக்கொண்டு. முள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. பெர்ஜ் மறுபடி சதையை விலக்கி விலக்கிப் பார்த்தான். லோர்னா விட்டுக்கொடுத்த இடத்துக்கு வந்தாள். கம்பளக் குவியலுக்கு வந்தாள்.

"அதுல உக்காந்தார். அப்புறம்..." அவள் குரல் தணிந்தது. "அப்புறம் நாங்க கெளம்பிட்டோம். அவரை விட்டுட்டு நாங்களும் கெளம்பிட்டோம்."

"ஏதாவது சொன்னாரா? போறப்ப?"

லோர்னா தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் குடித்தாள். குடித்து முடித்தும் கீழே வைக்கவில்லை. அவள் சொல்லமாட்டாள் என்பது பெர்ஜுக்குப் புரிந்தது. அவனுக்காக விட்டுக்கொடுக்கிறாள்.

"என் பேரைச் சொன்னார்மா," என்றான்.

அம்மா திரும்பினாள்.

"கடைக்குள்ள. ஆட்டம் நடக்கறப்ப. பெர்ஜ்னு கூப்பிட்டார். நான்..."

அம்மா முழுதாகக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "உன் பேரையா? வேஷத்துல இருக்கறப்பவா? அந்த மனுஷன், நான் பிரசவ வலியில கத்தினப்பவே வேஷம் கலைக்காம வந்து நின்ன மனுஷன்... ஹெர்மினே! கேட்டியா? கடைசியா இவன் பேரைத்தான் சொன்னாராம். வேஷத்தை விட்டுட்டு!"

"அம்மா, நான் என்ன சொல்ல வரேன்னா—"

"கேட்டேன், கேட்டேன்," என்றாள் அத்தை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்த மேஜைக்குத் திரும்பிச் சொன்னாள். அந்த மேஜை அதற்கடுத்த மேஜைக்குச் சொன்னது. மகன் பேரைச் சொல்லிக்கிட்டே போயிருக்கார். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

கறுப்பு உடுப்புக் கிழவிகள் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். கடவுள் அவர் ஆன்மாவுக்கு வெளிச்சம் தரட்டும், கொடுத்து வச்சவன்டா நீ என்று சொல்லிச் சொல்லிக் கன்னத்தில் முத்தமிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் லோர்னா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். தப்புத்தப்பாகப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டாள்.

பெர்ஜின் விரலெல்லாம் மீன் எண்ணெய். யார் உடுப்பிலும் பட்டுவிடாமல் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொருத்தியின் உயரத்துக்கும் குனிந்து கன்னத்தைக் கொடுத்தான்.