துண்டு போட்ட பஸ்

என் அண்ணன் இளவரசன் பஸ் வாங்கிய கதையை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வரிசை தப்பினால் எனக்குப் பயம். வரிசையாகச் சொல்லி முடித்தபின், எதையோ விட்டுவிட்டோமோ என்று வேறு தோன்றும். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். தினமும் சொந்தமாக ஒரு பக்கம் எழுதி வந்து அதையே டைப் அடிக்க வேண்டும் என்பது எங்கள் மாலை வகுப்பில் கௌசர் மேடம் வைத்த சட்டம். மற்றவர்கள் மரம் வளர்ப்பதைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு பஸ்ஸைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை.

முதலில் என் கஷ்டம். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைரோட்டில் பாதி வழியில் எங்கள் வீடு. டைப்ரைட்டிங் வகுப்பு கீழே ஆலங்காயத்தில், ஓர் உரக்கடையின் மாடியில். மேடம் முதலில் வேகப் பயிற்சி கொடுப்பார், கடைசியில் கடிதம். கடிதத்தின் நடுவில் நான் இருக்கும்போது மலைக்குப் போகும் கடைசி மினி பஸ் கீழே ஹாரன் அடிக்கும். பேப்பரை உருவி மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டுப் படியில் ஓடுவேன். இதனால் அலுவலகக் கடிதங்களின் தொடக்கம் எனக்கு அத்துப்படி. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். எந்தக் கடிதமும் எப்படி முடிகிறது என்றுதான் தெரியாது. 'தங்கள் உண்மையுள்ள' என்று நான் ஒருமுறைகூட அடித்ததில்லை.

"ஒரு லெட்டரை என் கண்ணு முன்னாடி முழுசா அடிச்சுக் காட்டு அமுதவல்லி. அப்பதான் சீனியர் பரீட்சைக்கு உன் பேரை அனுப்புவேன்" என்று மேடம் சொல்லிவிட்டார். "பாதி லெட்டர் அடிக்கிறவளுக்குப் பாதி உத்தியோகமா குடுப்பாங்க?"

பெயர்கள் அனுப்பக் கடைசி நாளும் சொல்லிவிட்டார். அது அடுத்த மாதத்தில் ஒரு சந்தை நாள். அந்தப் பரீட்சையை விட்டால் அடுத்ததுவரை என்னை வகுப்புக்கு அனுப்ப அப்பாவுக்குப் பொறுமை இருக்காது. அவர் ஏற்கெனவே என்னைத் தன் தீவனக் கடையில் உட்கார வைப்பதற்கு ஸ்டூல் பார்த்து வைத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணன் பஸ் வாங்கினான்.

அண்ணன் ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு, ஓட்ட வண்டி கிடைக்காமல் போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன். அவனுடைய கூட்டாளி வக்கார் அண்ணா. வாணியம்பாடியில் அவர் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து மலை ஏறவேண்டும் என்பது அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. அந்த சீட் எந்த பஸ்ஸிலும் அவருக்குக் கிடைத்ததில்லையாம். அந்த ஒரு சீட்டுக்காக ஒரு பஸ்ஸில் பாதியை வாங்கினார். ஒரு கல்லூரி ஓட்டித் தேய்த்து ஓரங்கட்டிய வண்டி அது. ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சிய தோலில் எல்லா சீட்டுக்கும் உறை தைத்துப் போட்டார். ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு, தன்னுடையது மட்டும் சிவப்பு. ஜவ்வாது மலையில் பஞ்சு பிதுங்காத சீட் வைத்த பஸ் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

வண்டிக்கு ரூட் கிடையாது, டைம் கிடையாது, டிக்கெட் கிடையாது. தோன்றினால் கிளம்புவது, பிடித்த இடத்தில் நிறுத்தி டீ குடிப்பது, அருவியில் குளிப்பது, திரும்புவது. இருவரும் இதைத் தீர்மானமாகவே வைத்திருந்தார்கள்.

நான் கேட்கவேண்டியதை மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"ஒரே ஒரு நாள் கிளாஸ் விடற நேரத்துக்குக் கீழ வந்து என்னைக் கூட்டிக்கினு வாண்ணா."

"இன்னா நேரம்?"

சொன்னேன்.

"பாத்தியா, டைம் சொல்ற. டைமுக்கு வண்டி எடுத்தா அதுக்குப் பேரு டூட்டி. டூட்டி பாக்கறதுக்கா சொந்தமா வண்டி வாங்கனேன்?"

வக்கார் அண்ணா என்னைப் பாவமாகப் பார்த்தார். "தங்கச்சி, பெருநாளுக்கு பிரியாணி கேளு, வூட்டுக்கே கொண்டாந்து தர்றேன். டைம் மட்டும் கேக்காத."

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று யோசித்தேன். எனக்கு எல்லோர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றிவிடும். வாசலில் பஸ் நிற்க, அதைத் தாண்டி நடந்துபோய் மினி பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பழைய வண்டி என்பதால், பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அண்ணன் ஸ்டார்ட் செய்துவிட்டு, இருவரும் காபி குடிக்க உள்ளே போனார்கள். ரோட்டோரம் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றால் மலையில் அதற்கு ஓர் அர்த்தம்தான். காபி ஆறுவதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டு சிவப்பு சீட்டில் வந்து விழுந்தது. அடுத்து ஒரு மஞ்சள் பை. பிறகு ஒரு கைக்குட்டை, குடை, முறம், ஒற்றைச் செருப்பு.

அண்ணன் வெளியே வந்தபோது எல்லா சீட்டும் பிடித்தாகிவிட்டது. முதல் துண்டு முத்தம்மாக்காவுடையது. பக்கத்து ஊர்க்காரர். சாமையும் புளியும் பலாப்பழமும் ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுபோய் விற்பவர்.

"யக்கா, இது சர்வீஸ் வண்டி இல்ல. நாங்க ஜாலிக்குப் போறோம்."

"போப்பா. நானா வேணாம்னேன்? ஜமுனாமரத்தூர் வழியாத்தான போவ?"

"ஆளுங்கள ஏத்தக் கூடாதுக்கா."

"துண்டு போட்டாச்சேப்பா" என்றார் முத்தம்மாக்கா.

மலையில் சீட்டுக்காக அடித்துக்கொள்வார்கள், கண்டக்டரைத் திட்டுவார்கள், பஸ்ஸை மறிப்பார்கள். போட்ட துண்டை எடுத்து ஓரம் வைத்தவன் என்று மட்டும் இதுவரை யாரும் பெயர் வாங்கியதில்லை. அண்ணனுக்கும் வாங்க மனம் வரவில்லை. வண்டி கிளம்பியது. வக்கார் அண்ணா தன் சிவப்பு சீட்டின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஜமுனாமரத்தூர் போனார். அருவிக்குப் போகவில்லை. முத்தம்மாக்காவின் பலாப்பழங்களுக்கு அவசரம்.

அடுத்த வாரம் ஜன்னல்களை மூடிப் பார்த்தார்கள். ஒரு ஜன்னல் ஏறினால் இன்னொன்று இறங்கியது. எஞ்சினைக் கடைசி நிமிடத்தில் ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். காற்று ஏறுவதற்குள் பைகள் ஏறின. கடைசியில் வக்கார் அண்ணாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு கட்டு துண்டு வாங்கிவந்து, விடிவதற்கு முன்பே எல்லா சீட்டிலும் ஒவ்வொன்றாக விரித்துவிட்டார்.

ஜனங்கள் வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. வக்கார் அண்ணா சிவப்பு சீட்டில் உட்கார்ந்து முதல்முறையாக ஜன்னலில் முழங்கையை வைத்தார். வண்டி காலியாக மலை ஏறியது. அருவியில் குளித்துவிட்டுத் திரும்பியபோது எங்கள் வாசலில் அதே கூட்டம் உட்கார்ந்திருந்தது.

"இன்னாக்கா, இன்னும் போகலியா?" என்று அண்ணன் கேட்டான்.

"மொதல் ட்ரிப்புதான் ஃபுல்லு ஆய்டுச்சே. ரெண்டாவது ட்ரிப்புக்கு நிக்கறோம்" என்றார் முத்தம்மாக்கா. "அந்த ட்ரிப்புக்கு யார்ப்பா அவ்ளோ துண்டு போட்டது? எங்க ஊரு ஆளுங்களுக்கு ஒண்ணுமே வெக்கலியே."

காத்திருந்தவர்களை விட்டுவிட்டுப் போக முடியுமா? அன்று இரண்டு ட்ரிப் ஆயிற்று. அதற்குப் பிறகு ஞாயிறு போதாமல் சந்தை நாளும் சேர்ந்தது. காசு வாங்கக் கூடாது என்று அண்ணன் பிடிவாதமாக இருந்ததால், ஜனங்கள் சாமையும் பலாச்சுளையும் கொடுத்தார்கள். காசு வாங்காமல் ஓட்டுகிறான் என்பதற்காக அவனுக்கு மரியாதை கூடிவிடவில்லை. ஒருநாள் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியதற்கு, "சொந்த வண்டின்னா இஷ்டத்துக்கு வருவியா?" என்று அவனையே கேட்டார்கள். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அன்று மாலை மறுபடி கேட்டுப் பார்த்தேன்.

"அண்ணா, சந்தைக்கு மட்டும் டைமுக்கு எடுக்கறியே."

"அது நானா எடுக்கறேன்? அவங்க துண்டு போடறாங்க" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான். "நானா டைம் வெச்சு ஒரு நாள் எடுத்துட்டேன்னு வையி, அப்பறம் இது என் வண்டியே இல்ல அமுதா."

அந்த பதிலை நான் வெகுநேரம் நினைத்துப் பார்த்தேன். அவனிடம் கேட்பது தவறான முறை என்று புரிந்தது.

மேடம் சொன்ன கடைசி நாள் வந்தது. காலையில் அண்ணன் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு உள்ளே போனான். நான் என் பழைய பச்சைத் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு போய், முத்தம்மாக்காவின் துண்டுக்குப் பின் சீட்டில் ஜன்னல் வழியாகப் போட்டேன். மேலே போகும் வண்டியில் சீட் பிடித்துவிட்டுக் கீழே போவது செல்லுமா? இதற்கு முன் யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா? தெரியவில்லை. முத்தம்மாக்காவிடம் மட்டும், "அது என்னோடதுக்கா. ஆலங்காயத்துல ஏறுவேன், கிளாஸ் விட்டதும்" என்றேன். அவர் வெற்றிலையை மென்றபடி தலையாட்டினார். கேட்டுக்கொண்டாரா என்பதும் சந்தேகமாகவே இருந்தது.

மாலை வகுப்பில் மேடம் கொடுத்த கடிதம் தெருக்குழாய் பழுது பற்றியது. நான் அனுப்புநர், பெறுநர், பொருள் அடித்து முடித்து முதல் பத்தியில் இருந்தபோது, மினி பஸ் ஹாரன் அடித்தது. என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்து நின்றன. மேடம் நிமிர்ந்து பார்த்தார். நான் உட்கார்ந்தேன். இரண்டாவது ஹாரனும் அடித்தது. பிறகு மினி பஸ் போகும் சத்தம் கேட்டது. இனி வீட்டுக்குப் போக எனக்கு இருந்தது ஒரு துப்பட்டா மட்டும்தான்.

அதே நேரம் மேலே நடந்ததைப் பிறகு முத்தம்மாக்கா சொன்னார். சந்தை முடிந்து கூட்டத்தோடு வண்டி திரும்பியிருக்கிறது. பச்சைத் துப்பட்டா சீட் மட்டும் காலி. ஒரு பெரியவர் உட்கார்ந்ததும், "ஆள் வருது" என்று சுற்றியிருந்தவர்கள் எழுப்பிவிட்டார்கள். வக்கார் அண்ணா அந்த சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அவரும் உட்காரவில்லை. எங்கள் வாசலில் அண்ணன் எஞ்சினை நிறுத்தப் போக, முத்தம்மாக்கா, "எப்பா, இந்த ஆள் இன்னும் ஏறலியே" என்றிருக்கிறார்.

"அது அமுதாவுதுக்கா. சும்மா போட்டிருப்பா."

"துண்ட யாராவது சும்மா போடுவாங்களா? ஆளை ஏத்தாம எப்படி ட்ரிப்ப முடிப்ப?"

"அவ ஆலங்காயத்துல இருக்கா."

"அப்ப ஆலங்காயம் போ. நாங்க இன்னா வேணாம்னா சொன்னோம்?"

வரும் வழியில் உள்ள ஊர்களில் இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். மிஞ்சியவர்களில் ஒருவரும் சீட்டை விட்டு எழவில்லை. அண்ணன் வக்கார் அண்ணாவைப் பார்த்தானாம். அவர், "மச்சான், துண்டு விழுந்துடுச்சு" என்றாராம்.

நான் இரண்டாவது பத்தியில் இருந்தேன். கீழே ஒரு ஹாரன் கேட்டது. எங்கள் பஸ்ஸின் ஹாரன் இருமல் மாதிரி இருக்கும். தொடர்ந்து முத்தம்மாக்காவின் குரல்: "அமுதா, வண்டி நிக்குதும்மா."

மறுபடி கால்கள் எழுந்தன. பாதிக் கடிதத்தில் ஓடிப் பழகியவள் நான். பேப்பரை உருவக் கையும் போய்விட்டது. அப்போதுதான் தோன்றியது, என் துப்பட்டா உள்ளே கிடக்கிறது. நான் ஏறாமல் அந்த வண்டி நகராது. நகர்த்த அண்ணனுக்கே உரிமை கிடையாது.

உட்கார்ந்து அடித்தேன். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. முத்தம்மாக்கா யாரையோ, "ஏம்ப்பா அடிச்சுகினே கீற, புள்ள எழுதுது இல்ல" என்று அதட்டுவது கேட்டது. ஹாரன் நின்றது. நான் மூன்றாவது பத்தி அடித்தேன். 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' அடித்தேன். 'தங்கள் உண்மையுள்ள' அடித்தேன். இத்தனை நாள் நான் விட்டுவிட்டு ஓடிய முடிவு இவ்வளவுதான் என்று அறிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மேடம் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிழைகள் எல்லாம் எனக்கு அத்துப்படியான முதல் பாதியில்தான் இருந்தன. "அனுப்புறேன், போ. பஸ்ஸை நிக்க வெச்சுக்கினு இன்னா நிக்கற?" என்றார்.

சீட் எனக்காகக் காலியாக இருந்தது. துப்பட்டாவின் மேல் ஒரு பலாச்சுளைப் பொட்டலம் வைத்திருந்தார்கள், காற்றில் பறக்காமல் இருக்க. வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணன், "இது டைமுக்கு வந்ததில்ல. டயருக்குக் காத்து புடிக்க வந்தோம். ஞாபகம் வெச்சுக்கோ" என்றான்.

ஞாபகம் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு, வகுப்பு உள்ள ஒவ்வொரு நாளும், வகுப்பு விடும் நேரத்துக்குச் சரியாக அந்த டயர்களில் காற்று இறங்கிவிடுகிறது. காற்றுப் பிடிக்கும் கடை ஆலங்காயத்தில்தான் இருக்கிறதாம். வக்கார் அண்ணா நின்றுகொண்டு வருகிறார். வண்டி வரும், நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் எனக்குச் சந்தேக புத்தி. தினமும் கிளம்பும் முன் துப்பட்டாவைப் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.